சுருட்டி வைத்த சார்ட்

பல்லாவரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஜீரண மண்டல சார்ட் ஓரமெல்லாம் கிழிந்து, கல்லீரல் எங்கே என்று தேடவேண்டிய நிலையில் இருந்தது. இதயம் அதைவிட மோசம். ஆண் இனப்பெருக்க மண்டலம் மட்டும், வாங்கிய அன்று போட்ட ரப்பர் பேண்டோடு பீரோ மூலையில் புத்தம் புதிதாக நின்றது. சயின்ஸ் டீச்சர்கள் எல்லாரும், நான் உட்பட, அந்தப் பாடம் வந்தால் "ஈஸியான பாடம், வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போகிறவர்கள்தான். அந்த சார்ட்டை முதன்முதலில் பிரித்தது என் கணவருக்காக.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் வீடு. அவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். நேரத்துக்கு வருகிறவர் தினமும் தாமதமாக வர ஆரம்பித்தார். கேட்டால் ட்ரெயின் லேட் என்பார். அதே ட்ரெயினில் வருகிற எதிர்வீட்டுக்காரர் அதற்குள் காபி குடித்துவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என் சந்தேகம் எங்கெங்கோ போனது. கடைசியில் பார்த்தால், எலக்ட்ரிக் ட்ரெயினில் கழிப்பறை கிடையாது என்பதுதான் விஷயம். மனிதர் எழும்பூரில் ஒரு தடவை, கிண்டியில் ஒரு தடவை இறங்கி, போய்விட்டு, அடுத்த வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தார். எந்த ஸ்டேஷனில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தாம்பரத்தில் இருந்த அவருடைய அண்ணன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார். குடும்பத்தில் எந்த முடிவும் அந்த மூத்தவருடையதுதான். எங்கள் வீட்டு மனையைக்கூட அவர்தான் பார்த்து வாங்கினார். ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துப் பார்த்தது, எலும்பு ஸ்கேன் எல்லாம் முடிந்ததும் டாக்டர் மூத்தவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அந்தக் காலத்தில் கேன்சர் வந்தவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்வார்கள். பெண்பிள்ளை என்பதால் எனக்கும் சொல்லவில்லை.

வெளியே வந்த மூத்தவர், "சின்ன ஆபரேஷன்தான். வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகிடு, சீக்கிரமே வீட்டுக்கு வந்துடலாம்" என்றார்.

"என்ன ஆபரேஷன் மாமா?" என்றேன்.

"அது ஆம்பளைங்க சமாசாரம்மா."

எனக்கு வந்த கோபம் வீடு வந்தும் அடங்கவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போய் நின்றேன்.

"அவங்க அண்ணன்கிட்ட எல்லாம் விவரமா சொல்லிட்டேனேம்மா" என்றார்.

"உடம்பு அவங்க அண்ணனோடது இல்லையே டாக்டர். நான் சயின்ஸ் டீச்சர். என்கிட்ட சொல்லுங்க."

எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு சொல்லத் தொடங்கினார். கேட்கக் கேட்க, பயத்துக்கு நடுவிலும் எனக்கு அதிசயமாக இருந்தது. நான் இத்தனை வருடம் தாண்டிப் போன பாடத்தில் இவ்வளவு இருந்திருக்கிறது. என் கணவர் கையெழுத்துப் போடப்போகிற ஆபரேஷன், விதைகளை எடுத்துவிடும் ஆபரேஷன். மூத்தவர் அதற்குச் சம்மதமும் சொல்லிவிட்டார், தம்பிக்குத் தெரியாமல்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்த சார்ட்டை எடுத்துக்கொண்டேன். ட்ரெயினில் பூக்கார அம்மா, "இன்னா டீச்சர், சாமி படமா? கொஞ்சம் காட்டேன்" என்றாள். குரோம்பேட்டை வரும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பையனை ட்யூஷனுக்கு அனுப்பிவிட்டு, காலண்டரைக் கழற்றி அந்த ஆணியில் சார்ட்டை மாட்டினேன். அவர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"கேன்சர்ங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க?" என்று சார்ட்டின் பக்கத்தில் வந்தார்.

சிறுநீர்ப்பைக்கு அடியில், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருந்த ப்ராஸ்டேட் சுரப்பியைக் காட்டினேன். அதன் நடுவேதான் சிறுநீர்க் குழாய் போகிறது.

"இத்தனூண்டா? இதுவா என்னை கிண்டில இறக்கி விடுது?"

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு டாக்டர் சொன்ன ஏ, பி, சி, டி எல்லாம் சொன்னேன். ஏ என்றால் வெளியே ஒன்றுமே தெரியாது, வேறு எதற்கோ சதை எடுக்கும்போது தற்செயலாக அகப்படும். பி என்றால் விரல் வைத்துப் பார்க்கிற டாக்டருக்குக் கட்டி தட்டுப்படும், ஆனால் சுரப்பியைத் தாண்டியிருக்காது. தாண்டி வெளியே வந்துவிட்டால் சி. எலும்புக்கோ நெறிக்கட்டிக்கோ போய்விட்டால் டி. அவருடையது சி. எலும்பு சுத்தமாக இருந்தது.

"அப்போ எங்க இருக்குங்கறது ஒண்ணு. எவ்வளவு வேகமா போகும்ங்கறது?"

நான் டாக்டரிடம் கேட்ட அதே கேள்வி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அதைத் தனியாகச் சொல்வார்கள், அவருடையது நடுத்தர வேகம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, இப்படி ஒரு மாணவன் கிடைத்ததே என்று.

பிறகு சொல்லக் கூச்சமான இடம் வந்தது. இந்தக் கட்டிக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. அதை நிறுத்துவதற்குத்தான் ஆபரேஷன். செய்துகொண்டால் கட்டி சுருங்கும், ஆனால் ஆசை அடங்கிவிடும், உடம்பில் திடீர் திடீரென்று சூடு ஏறும். மாத்திரையும் உண்டு. அதில் மார்பு வீங்கும், இதயத்துக்கும் ஆபத்து. இன்னொன்று, எல்லாரும் கரண்ட் வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு. வாரக்கணக்கில் தினமும் போகவேண்டும், எரிச்சலும் அசதியும் இருக்கும், அதிலும் அந்த சக்தி போகலாம், போகாமலும் இருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னேன்.

"உனக்கு எது வேணும்?" என்றார்.

கல்யாணமான நாளாக அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. நீங்கள் இருந்தால் போதும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பாதி உண்மைதான். "நீங்களும் வேணும், அதுவும் வேணும். ரெண்டும் முடியாதுன்னா நீங்க" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவரும் அழுதார்.

வியாழக்கிழமை மூத்தவர் வந்தார். சார்ட் இன்னும் ஆணியில் தொங்கியது. "இதென்ன அசிங்கம், வீட்ல மாட்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உட்காருங்க அண்ணா. நாளைக்கு நான் அட்மிட் ஆகல. முதல்ல கரண்ட் வச்சுக்கறேன். ஆபரேஷன் பின்னாடி வேணும்னா பார்க்கலாம், டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். ஏன்னு சொல்றேன், இங்க பாருங்க" என்று என் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டார். நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். நெல்லிக்காயையும் விடவில்லை. மூத்தவர் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு ஸ்கேல் போன இடத்தையெல்லாம் பார்த்தார்.

நான் காபி கொண்டுவந்தபோது பேச்சு முடிந்திருந்தது. மூத்தவர் சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ராத்திரில அடிக்கடி எழுந்துக்க வேண்டி இருந்தா... அதுவும் இதனாலதான் இருக்குமா?"

என் கணவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். நான்தான் கேட்டேன், "எவ்வளவு நாளா மாமா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்மா" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.