தூரத்திலேயே இருமுகிறவர்

வலை போட்டுவிட்டு வரும் தேசப்பன் கள்ளிவேலி தாண்டும்போதே இருமத் தொடங்கிவிடுவார். சளி இல்லை, பீடிப் பழக்கமும் இல்லை. கைவைத்தியம் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. இருமல் மெல்ல மெல்லக் கூடி வாசல் வந்த பிறகுதான் படலைத் திறப்பார். உள்ளே மகள் அஞ்சம்மாள் திடுக்கிடக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் அவரைப்போல் பம்பை அடிக்க ஆள் கிடையாது. இப்போது அதைத் தொடுவதில்லை. மூத்தவள் சம்பூர்ணம் கெங்கையம்மன் திருவிழாவில் வெடிச்சத்தம் கேட்டு விழுந்தபோது, அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது. அம்மன் வாய் திறக்கட்டும் என்று பெற்ற தகப்பனே பம்பையை ஓங்கி அடித்தார். பெண் எழுந்திருக்கவே இல்லை. பாவி மனுஷன், அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

போன வருஷம், எழுபத்து மூன்றில், சின்னவளும் விழுந்து எழுந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நெஞ்சில் ஒயர் ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்துப் பார்த்த டாக்டர், அதிர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடுகிறது, ஏன் என்று தனக்கும் பிடிபடவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை கொடுத்தார். விழுந்து மூச்சு நின்றால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்றும் காட்டிக்கொடுத்தார்.

இந்த ஆடியில் வெடி மட்டும் வேண்டாம் என்று வீடுவீடாகப் போய், காலில் விழாத குறையாகக் கேட்டார். "மோளம் அடிச்சிக்கினு வாங்க, வெடி மட்டும் வாணாம்பா." நெருங்கி வரும் மேளம் அவளை ஒன்றும் செய்யாது, திடீரென்று கேட்பதுதான் எமன். வருவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று மகளை வாசலில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியதும் எவனோ கொளுத்திவிட்டான். அஞ்சம்மாள் சரிந்தாள்.

ஆத்தா வந்துவிட்டாள் என்று கூட்டம் குலவையிட்டது. தேசப்பனின் மச்சினன் குப்பன் கிட்டே வந்து பம்பையை வெளுத்துக் கட்டினான். தேசப்பன் மண்டியிட்டு, மூச்சில்லாத மகளின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். விடாமல் அழுத்தினார். அவருக்கே மூச்சு முட்டிய நேரத்தில் அவள் ஒரு மூச்சை இழுத்தாள், கண் திறந்தாள்.

பூசாரியின் மனைவி பச்சையம்மா கற்பூரத் தட்டோடு குனிந்தாள். "இன்னா கொற, சொல்லு தாயே."

"ஆத்தா இல்லம்மா," என்றார் தேசப்பன். "எம் பொண்ணு."

குப்பன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு கை மகளின் நாடியைப் பிடித்திருக்க, மறு கையை விரித்து, பம்பையின் தோல்மேல் அழுத்தி வைத்தார் தேசப்பன்.