ரங்கூனில் நான் குடிக்காமல் வந்த தண்ணீர்

ஊரில் ஒரு தண்ணீர்ப்பானை வைக்கவேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது ரங்கூனில். பர்மாவில் குண்டு விழுவதற்கு முந்தின வருஷம், பங்குனி வெயிலில், தாகத்தோடு ஒரு தெருவில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் பத்தடிக்குப் பின்னால்தான் இருந்தது. அதை வேண்டாமென்றுவிட்டு நடந்தேன்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும், உலகம் பார்க்கணும் என்று அடம்பிடித்துத் திருச்சுழியிலிருந்து கிளம்பியவன் நான். மாமா ரங்கூனில் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் எங்கே கடையில் உட்கார்ந்தேன்? விடிந்தால் தெருவில் இருப்பேன். வரிசையாக வரும் பிக்ஷுக்களுக்கு வீட்டுக்காரர்கள் சோறு இடுவதைப் பார்ப்பேன். கடைகளில் பேரம் பேசுவதெல்லாம் பெண்கள்தான். கொண்டையில் பூ, வாயில் விரல் தடிமனுக்குச் சுருட்டு! ஆனால் என்னை நிறுத்தியது வாசல் பானைகள்தான். சின்னக் கூரை போட்ட மரத்தட்டில் இரண்டு பானை, ஒரு தகரக்குவளை. காவலுக்கு ஆளில்லை. போகிறவர் வருகிறவர் மொண்டு குடித்துவிட்டுப் போகலாம். பங்குனியில் ஊருணியின் தரை தெரியும் சீமையிலிருந்து போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அன்று அப்படியொரு பானையருகில் துறைமுகக் கூலியாள் ஒருவர் குவளையைக் கையில் எடுத்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் தமிழர் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணே, எந்த ஊரு?"

"நரிக்குடிப் பக்கம் தம்பி. நீங்க?"

"திருச்சுழி!"

"அடடே! திருச்சுழியில யாரு வீடு?"

பெருமையாக அப்பா பேரைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவுக மகனா?" என்றவர் குவளையை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிக் குனிந்து, இரண்டு கையையும் குவித்தார். "ஊத்துங்க சாமி."

நானும் ஊற்றினேன். அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஊர்த் தண்ணீர்ப்பந்தலில் சிலருக்குச் செம்பைக் கையில் கொடுப்போம், அவரைப் போன்றவர்களுக்கு மேலேயிருந்து கையில் ஊற்றுவோம். பழகிய கை தானாகக் குவளையை உயர்த்தியது.

வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பெண் எழுந்து வந்தாள். என் அக்கா வயதிருக்கும். குவளையை என்னிடமிருந்து வாங்கி, நிரம்ப மொண்டு அவர் கையில் கொடுத்து, பர்மியில் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றாக?" என்றேன்.

"தினமும் எடுத்துக் குடிக்கிறவன், இன்னிக்கு என் கை ஒடஞ்சு போச்சான்னு கேக்குறாக சாமி." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குவளையில் வாய் வைத்துக் குடித்தார்.

அவள் அதே குவளையை மறுபடி மொண்டு என்னிடம் நீட்டினாள். தொண்டை காய்ந்து கிடந்தது. "தாகமில்லை" என்றேன், தமிழில். அவளுக்குப் பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீரை வாசல் செடியில் ஊற்றினாள். அவர் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் அதே குவளையில் குடித்தேன். அவர் வரவில்லை. யுத்தத்துக்குப் பிறகு அவர் ஊர் திரும்பினாரா என்பதும் தெரியாது. நரிக்குடி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்க்கிறேன்.

இப்போது திருச்சுழியில் பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் பானை வைத்திருக்கிறேன். அத்தை வந்து பார்த்தாள்.

"ஏன்டா, ஊத்துறதுக்கு ஆளு எங்க?"

"ஆளு கிடையாது. கிளாஸு இருக்கு."

"எல்லாருக்கும் ஒரே கிளாஸா? எவன்டா குடிப்பான்?"

"நான் குடிப்பேன்."

"நீ மொத ஆளாக் குடிச்சிருவ, தெரியாதா!" என்று சிரித்தாள்.

அத்தை சொன்னது சரிதான், யார் வாயும் படுமுன் முதலில் குடிப்பதில் என்ன இருக்கிறது? நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கே போய் நிற்கப்போகிறேன். நரிக்குடிப் பக்கத்து ஆள் யாராவது வந்து கையைக் குவித்தால் ஊற்ற மாட்டேன். மொண்டு கிளாஸைக் கையில் கொடுப்பேன். அவர் குடித்து வைத்த பிறகு, பஸ்ஸிலிருக்கும் அத்தனை பேரும் பார்க்க, அதே கிளாஸில் இரண்டாவதாக நான் குடிக்க வேண்டும்.