மச்சான், நீயா?

அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் டிவியில் எப்போது ஓடினாலும், படிக்கட்டுக் காட்சி நெருங்கும் நேரம் பார்த்துக் காஜாக்கா சத்தத்தைக் கூட்டிவிடுவாள். மற்ற நேரத்தில் அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. கதவுக்கு வலிக்காமல் சாத்துகிறவள், தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றுகிறவள். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமுக்குவாள். சுடப்பட்டு மழையில் கிடக்கிறவன் தலையைத் தூக்கி, குடையோடு மேலே நிற்கிறவனைப் பார்த்து, "மச்சான்... நீயா?" என்று கேட்பது மூன்று அறையையும் தாண்டித் தெருவுக்குப் போகும்.

அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய அக்கா புருஷனுக்கு அந்த நேரத்தில் புரையேறும். சில நாள் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழும்.

"ஏன்டி, காது செவிடாப் போச்சா உனக்கு? குறைடி அதை!" என்று அக்கா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

காஜாக்கா குறைப்பாள். காட்சிதான் முடிந்துவிட்டதே.

தையல் கூடத்தில் அவளுக்கு வேலை காஜா எடுப்பது. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். காஜா எடுக்கிற அக்கா என்பது சுருங்கிக் காஜாக்கா ஆகிவிட்டது. அதே கூடத்தில் அவளுடைய அண்ணன் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அக்கா புருஷன், அதாவது அவளுக்கு அத்தான், தையல் வரிசைக்கு மேஸ்திரி. ஒரே வீட்டுச் சாப்பாடு மூன்று டப்பாவில் போகும்.

ஆர்டர் வற்றிப்போன ஒரு வருஷம் வந்தது. பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடினார்கள். கட்டிங்குக்கும் தையலுக்கும் சேர்த்து இனி ஒரே சூப்பர்வைசர் போதும், இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன்தான் நிற்பார் என்று கூடம் முழுக்கப் பேச்சு. அந்த வாரமே ஒரு சாயங்காலம் வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அண்ணனுடைய சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில், நீலக் கோடு போட்ட சட்டைத் துணி ஒரு துண்டு இருந்தது.

அண்ணன் கத்தவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "மச்சான், நீங்களாவது சொல்லுங்க" என்றார். அத்தான் தரையைப் பார்த்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற காஜாக்கா துணியைப் பார்த்தாள். நான்காக மடித்து, மடிப்பு ஒவ்வொன்றையும் நகத்தால் கீறி அழுத்தியிருந்தது. கட்டிங் மாஸ்டர்கள் துணியை மடிக்க மாட்டார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கத்தரி விலகும். அண்ணன் கைக்குட்டையைக்கூடச் சுருட்டித்தான் வைப்பார். அப்படி நகத்தால் கீறி மடிக்கிற ஆள் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். அத்தானுடைய வேட்டி சட்டையை வாரா வாரம் துவைப்பவள் அவள்தான், அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். அக்கா ஈரக்கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"என் ரெண்டு பிள்ளையையும் தெருவுல நிறுத்தப் போறியா?"

"அவன் உன் தம்பிக்கா."

"தம்பிக்குக் கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் பிழைச்சுப்பான். இவருக்கு என்னடி இருக்கு?"

அண்ணன் ஊரை விட்டுப் போனார். துணி திருடின மாஸ்டர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்ததால் எந்தக் கூடத்திலும் கத்தரியைக் கையில் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கோ மெத்தை உறை தைக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டார். அத்தான் சூப்பர்வைசர் ஆனார். காஜாக்கா அவருக்குக் கீழேயே வேலை பார்த்தாள், அவர் வீட்டிலேயே சாப்பிட்டாள், அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஆள் தன் வாயாலேயே, அந்தக் கூடத்திலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

படம் அவள் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பழைய வெளிநாட்டுப் படங்களைத் தமிழ்க் குரல் போட்டு ஓட்டுகிற சானல் ஒன்று இருந்தது. வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு ஒரு பக்கம் வரும். இந்தப் படம், உலகம் முழுக்க ஆலைகளை மூடி ஜனங்கள் வேலையில்லாமல் அலைந்த காலத்தில் எடுத்தது. எடுத்த உடனே புகையே வராத புகைபோக்கிகளைக் காட்டுவார்கள். பிறகு கஞ்சிக்கு நிற்கிற ஒரு நீண்ட வரிசை. எல்லாரும் தொப்பி போட்ட ஆண்கள், ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்ப்பதில்லை. அதில் நிற்கிற ஒருவன்தான் பிறகு சாராயம் கடத்தி, ஆளைக் கொன்று, அந்தப் பட்டணத்தையே ஆட்டிவைக்கிற ரௌடி ஆகிறான். வரிசையில் அவன் கிண்ணத்திலிருந்து பாதியை வாங்கிக் குடித்த சிநேகிதனே கடைசியில் அவனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது "மச்சான், நீயா?" என்றதும் அவள் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போனாள். அக்கா மகள் அந்தப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த பிறகு வசதியாகப் போயிற்று. நினைத்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போடலாம், அத்தான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துப் போடலாம்.

பேசாத அவளைப் பேசவைத்ததும் அந்தப் படம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துப் பெண்கள் கதை கேட்பார்கள். அவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சின்னக் குரலில் சொல்வாள்.

"வரிசையில நிக்கும்போது அவன் கோட்டுல ஒரு பொத்தான் கிடையாது. காஜா மட்டும் திறந்து கிடக்கும், பொக்கை வாய் மாதிரி. பணம் வந்ததும் ஆறு பொத்தான் வச்ச கோட்டு. ஆனா எவனாவது அவனை மிரட்டினா, கை தானா போய் அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கும். இருக்கான்னு."

"அதெல்லாமா பார்ப்ப நீ?" என்பாள் காலரக்கா. காலர் தைக்கிறவள், புருஷன் இல்லாதவள், எதற்கும் மறுப்புச் சொல்கிறவள். "அவன் கொலைகாரன்டி. அவன் சாகறதுக்கு உன் கண்ணு ஏன் கலங்குது?"

"கொன்னான், இல்லேங்கல. கடத்தினான். ஆனா யாரையும் காட்டிக்கொடுக்கல. போலீஸ்காரன் பல்லை உடைக்கிறான், அப்பக்கூட வாயைத் திறக்கல."

"பசிச்சவன் திருடினான், அதுக்கு மேல என்ன?"

"பசிச்சது ரெண்டு பேருக்கும்தானேக்கா. ஒருத்தன் பாதியைக் குடுத்தான். ஒருத்தன் ஆளையே குடுத்துட்டான்."

மச்சான் விஷயத்தில்தான் பெரிய சண்டை. "அது சிநேகிதன்டி, பேச்சுக்கு மச்சான்னு போட்டிருக்கான். நம்ம பசங்க ஒருத்தனை ஒருத்தன் கூப்பிடறதில்லையா?" என்பாள் காலரக்கா.

"இல்லக்கா. சொந்த மச்சான்தான். அவன் தங்கச்சியைக் கட்டினவன். படிக்கட்டுல ஒரு பொண்ணு அழுவாளே, அவதான் தங்கச்சி. புருஷனையும் விட முடியாம, அண்ணனையும் தொட முடியாம நிப்பா."

"அவ அவனோட வைப்பு!"

"தங்கச்சி."

காஜாக்கா அதை மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை. முடிவைப் பற்றியும் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஒரு பெரிய அதிகாரி நம்மைப் பார்த்து நின்று, தப்பு செய்தவன் கதி இதுதான் என்று உபதேசம் செய்வார். "அது ஒட்டுத்துணி. தைச்ச ஆளே வேற, நூல் கலரே ஒத்துப்போகல" என்பாள். "காட்டிக்கொடுத்தவன் என்ன ஆனான்னு சொல்லவே மாட்டாங்க. செத்தவன் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு நடந்து போவான். அவ்ளோதான், படம் முடிஞ்சுது." சொல்லும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அத்தானை ஒரு முறை பார்த்துக்கொள்வாள். தடுப்புக்கு மேலே கண்ணாடி கிடையாது, பேச்சு போகும்.

இஸ்திரி போடுகிறவருக்கு வெண்கலம் என்று பெயர், குரல் அப்படி. அவருக்கு அந்த வசனம் பிடித்துப்போயிற்று. எவனாவது இரண்டாவது டீ எடுத்தால், "மச்சான்... நீயா?" என்று பின்னாலிருந்து முழங்குவார். மெஷின் பெல்ட்டை மாட்ட மறந்தவன், கழிவறையில் பீடி பிடித்தவன், எல்லாருக்கும் அதுவே. கூடம் சிரிக்கும். சூப்பர்வைசரிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை. சிரிப்பு எழும்போதெல்லாம் அத்தான் தலையைக் குனிந்துகொள்வார் என்பதைக் காஜாக்கா மட்டும் கவனித்தாள்.

முதலாளி இன்னொரு கூடம் திறந்தார். அதற்கு அத்தான்தான் மேனேஜர். வழியனுப்ப இஸ்திரி மேஜைகளை ஒதுக்கி, கேக் வாங்கி, எல்லாரையும் மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். அக்கா புதுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி பேசினார்.

"இந்தக் கூடத்துல ஒரு காலத்துல துணி நடந்து போய்க்கிட்டிருந்துச்சு. திருடனோட சொந்தக்காரர்ன்னுகூட இவரைச் சொன்னாங்க. இவர் ஒரு நூல் தொட்டதில்ல. நேர்மைன்னா இவரைத்தான் சொல்வேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். காஜாக்கா தன் மெஷின் பக்கம் நின்றாள். கை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இனி இந்த ஜன்மத்துக்குத் திருடன்தான், நாளைக்கு இந்த ஆள் வேறு கூடத்துக்குப் போய்விட்டால் கேட்கவும் ஆளில்லை என்று நினைத்தாள்.

கேக் வெட்டினார்கள். சின்ன மகனுக்கு என்று அத்தான் இன்னொரு துண்டை எடுத்து, கைக்குட்டையில் வைத்து, கைக்குட்டையை நான்காக மடித்தார். அந்த நேரம் பார்த்து வெண்கலம் பின்னால் வந்தார். இன்றைக்குத்தானே விளையாட முடியும், நாளையிலிருந்து இவர் சூப்பர்வைசர் இல்லை.

"மச்சான்... நீயா?"

அத்தான் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. கூடம் சிரித்துக்கொண்டிருந்தது, அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாய்யா, நான்தான்!" என்றார். "எத்தனை வருஷம்தான் குத்துவீங்க? நான்தான் வச்சேன்!"

"எதைண்ணே வச்சீங்க? கேக்கையா?" என்றார் வெண்கலம், இன்னும் சிரிப்போடு.

"துணியை! அவன் பையில... துணியை."

கடைசி வார்த்தை உள்ளேயே போய்விட்டது. முன்னால் இருந்தவர்களுக்குச் சிரிப்பு நின்றது. பின்னால் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து, "அவருக்கு உடம்பு சரியில்ல, காத்து விடுங்க" என்று புருஷன் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் காஜாக்கா மெஷின்களுக்கு நடுவே நடந்து வந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. குரல் நடுங்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான். பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் அவளைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"போதும்டி, விட்டுடுடி" என்றாள் அக்கா.

"சொல்லுங்க அத்தான்."

சொன்னார். யார் பையில், என்ன துணி, எதற்கு என்று மூன்றையும் சொன்னார். அவள் நகரவில்லை. முதலாளி செருமிக்கொண்டு, "சரி சரி, பழைய கதை, எல்லாரும் மெஷினுக்குப் போங்க" என்றார். யாரும் போகவில்லை. காலரக்காதான் கடைசியில், "அடப்பாவி, நிஜமாவே மச்சான்தானா!" என்று சொன்னாள், யாரிடம் என்றில்லாமல்.

அக்கா அவளுடைய துணிகளை அன்றைக்கே வாசலில் வைத்துவிட்டாள். "சாப்பிட்ட வீட்டுக்கு நல்லா செஞ்சுட்டேடி" என்றாள். அக்கா அழுதது அவளுக்கு வலித்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தாள். முதலில் அவர் சிரித்தார். "கேக்குக்காகவா மாட்டினாரு மச்சான்?" என்று சிரித்தவர், நகத்தால் கீறின மடிப்பைப் பற்றி அவள் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கே பார்த்தியா நீ?"

"பார்த்தேண்ணா."

அண்ணன் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அண்ணன் அந்தக் கூடத்துக்கு வரவில்லை. மெத்தை வேலையை விட்டுவிட்டு, இப்போது வேறொரு பெரிய கூடத்தில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். தங்கைக்கு மாதம் ஒரு முறை போன் செய்கிறார், அதிகம் பேசுவதில்லை. அத்தானுக்குப் புதுக்கூடம் கிடைக்கவில்லை, பழையதும் போயிற்று, வீட்டில் இருக்கிறார். காஜாக்கா காலரக்காவின் அறையில் பாதி வாடகைக்கு இருக்கிறாள், அதே மெஷினில் வேலை பார்க்கிறாள். அக்கா வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை. அத்தானை அவள் மன்னிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.