அமலி அக்கா திறந்துவிட மறுத்த மெயில்கள்

சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. "அமலி காலையில போயிட்டாங்கம்மா. சாயங்காலம் அடக்கம்," என்றார் எங்கள் பழைய மேனேஜர். சிறுநீரகக் கோளாறோடு நெடுநாள் போராடியவர்தான். ஆனாலும் போன வாரம் பேசும்போது, புது மருந்து ஒத்துக்கொள்கிறது என்று சிரித்திருந்தார். பஸ் கிளம்பிய பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், சிறு சூளைக்காரர்களுக்கான விற்பனை அலுவலகத்தில் அமலி அக்காதான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். நான் சாம்பிள் பிரிவில் இருந்தேன். முதல் நாள் எனக்கு மெயில் கணக்கு திறந்து தந்தவர், பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "எங்கிட்ட கூட சொல்லக் கூடாதுங்க," என்றார். என்னைவிட மூத்தவர், கடைசிவரை "ங்க" போட்டே பேசினார்.

ஒருமுறை எல்லோருடைய மெயிலும் இருந்த பழைய சர்வர் பழுதாகி, வெளியூர் ஆள் ஒருவர் வந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

சர்வரை இயக்கும் யூனிக்ஸ் மென்பொருளின் திரையில், அக்கா ஆளுக்கொரு பெட்டிபோல மெயில் சேரும் டைரக்டரிகளை வரிசையாகப் பார்த்தார். எதுவும் அழியவில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் டைரக்டரி இருந்தது. ஆனால் அதன் உரிமையாளர் என்று வேறு யாரோ இருந்தார்கள்.

"யூனிக்ஸுக்கு நம்ம பேரு தெரியாதுங்க, நம்பர்தான் தெரியும். புது மெஷின்ல ஆளுக்கு ஆள் நம்பர் மாறிப்போச்சு. பழைய நம்பரோட வந்த மெயிலெல்லாம் இன்னொருத்தர் கைக்குப் போயிடுச்சு."

என் டைரக்டரிக்கு உரிமையாளராக மேனேஜரின் பெயர் இருந்தது. நாங்கள் சாம்பிள் அனுப்பிப் பழகிய புதுச்சேரி நிறுவனம் ஒன்று, எனக்கு வேலை தருவது பற்றி அதில்தான் எழுதியிருந்தது. அப்பா வேலையின்றி வீட்டிலிருந்த காலம். முடிவாகும் முன் தெரிந்தால் கையிலிருக்கும் வேலையும் போய்விடும்.

மேனேஜர் நிலைகொள்ளாமல் நின்றார். வெளிநாட்டு வாடிக்கையாளர் மெயிலில் சரி சொன்னால்தான் சூளையைப் பற்றவைக்க முடியும்.

"எல்லா டைரக்டரியையும் எல்லாருக்கும் தொறந்து வுட்டுடுங்கம்மா. மெயில் தெரிஞ்சா போதும்."

"மாட்டேன் சார்."

"ஏம்மா, முடியாதா?"

"ஒரு நொடியில முடியும் சார். அப்புறம் யார் மெயிலை வேணா யாரும் படிக்கலாம். உங்களுதையும்தான். மத்தியானத்துக்குள்ள ஒழுங்கா சரி பண்ணித் தரேன்."

"ஆர்டர் போச்சுன்னா?"

"என் பொறுப்பு சார்."

நடுவில் எதுவும் தவறிப்போகாதபடி, வெளியிலிருந்து மெயில் வருவதை அக்கா முதலில் நிறுத்திவைத்தார். பிறகு தன் டைரக்டரியை மட்டும் தன் பெயருக்கு மாற்றி, தனக்கே ஒரு மெயில் போட்டுப் பார்த்தார். அது வந்து சேர்ந்த பிறகே, மற்றவர்களுடையதை உள்ளிருந்த கோப்புகளோடு அவரவர் பெயருக்கு மாற்றினார். ஒருவருடைய மெயிலையும் அவர் திறக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு, "வருதான்னு நீங்களே பாத்து சொல்லுங்க," என்றார்.

சாப்பாட்டு வேளைக்கு முன்பே வாடிக்கையாளரின் சம்மதம் மேனேஜரின் திரையில் இருந்தது. என் மெயில் எனக்கே திரும்பியிருந்தது.

சில வாரங்களில் புதுச்சேரி கிளம்பினேன். விடைபெறும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நல்லா இருங்க," என்றார். அங்கே பீங்கானுக்கு நிறப் பூச்சு போடும் வேலை கற்றுத் திரும்பி, இப்போது இதே எஸ்டேட்டில் சொந்தச் சூளை நடத்துகிறேன். எங்கள் மெயிலையும் அவர்தான் அமைத்துத் தந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மேனேஜர் என் அருகே வந்து நின்றார். "நீ புதுச்சேரிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டது எனக்குப் பின்னாடிதாம்மா தெரிஞ்சுது. மெயில் மாறிப்போன அன்னைக்கே பாத்திருந்தா கோவத்துல உன்ன வெளிய அனுப்பியிருப்பேன். அந்தப் பாவத்துலேருந்து அமலி என்னைக் காப்பாத்திட்டாங்க."

வேலை முடிந்து நேரே வந்திருந்த சூளைப் பெண்கள் ஒவ்வொருவராக மண் இட்டார்கள். அவர்கள் விரல்களில் காய்ந்திருந்த வெள்ளைக் களிமண் குழியின் செம்மண்ணோடு உதிர்ந்தது. நானும் ஒரு பிடி இட்டேன்.

போய் வாருங்கள், அக்கா. நாளை காலை எங்கள் சூளையில் புதிதாக ஒரு நீலப் பூச்சைச் சுட்டுப் பார்க்கிறோம். நன்றாக வரும்.