டியூப் தொலையும் வீடு

ஒரு விடுகதை. சக்கர நாற்காலியைக் கையாலேயே தள்ளிப் போகிறவருக்கு முதலில் தேய்வது எது? டயர் என்பார்கள். இல்லை, தோள். வீடு வீடாகப் போய் இவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் உங்களுக்கு விடை தெரியும். ஒரு தோளைக் காப்பாற்றுவதற்குள் நாம் படும் பாடும் தெரியும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரே வீட்டில் நான் பட்டவை இவை.

ஜல்லி சுமந்த கை

முருகேசன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மனைவி பாண்டியம்மாள் முந்திரி உடைக்கப் போகிறார். கணவரைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாற்றித் தூக்கி வைக்க மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். இப்படி ஓடுவதென்றால் இனி வேலைக்கே வரவேண்டாம் என்று முந்திரி ஷெட்டில் சொல்லிவிட்டார்கள். முருகேசன் தானாகவே இடம் மாறப் பழகினால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, மார்பு வரை இழுக்கச் சொன்னேன். "ஜல்லி சொமந்த கை சார் இது. ரப்பரைக் குடுக்குறீங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் டியூப் கையை விட்டு நழுவி ஜன்னலில் அடித்தது. பாண்டியம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஜல்லி சொமந்ததெல்லாம் அப்ப. இப்ப ரப்பரை இழுங்க."

பக்கத்து வீட்டு இரக்கம்

நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி உடம்பை இருக்கையிலிருந்து தூக்கவேண்டும். அடிக்கடி செய்தால் உட்கார்ந்த இடத்தில் புண் வராது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, "முடியாத மனுசன்கிட்ட இப்பிடியா வேலை வாங்குறது?" என்று என்னைக் கேட்டார். இப்படிக் கேட்காத தெரு உண்டா, சொல்லுங்கள். முருகேசனுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாக் கேளுங்க மதினி. ஒக்கார வச்சே என்னைய ஓட விடுறாரு."

எலி

அடுத்த முறை போனபோது டியூப்பைக் காணோம். வேறொன்று கொண்டுபோய்க் கட்டினேன். அதுவும் காணாமல் போனது. கட்டில் தள்ளி, பாய் உதறித் தேடினோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்வி, "எலி தூக்கிட்டுப் போயிருக்கும் சார்" என்றாள். முருகேசன் தோளைத் தடவிக்கொண்டார். "நம்ம வீட்டு எலி பயில்வானாகப் போகுது போல."

வண்டியடியில்

அன்று கிளம்பும்போது செல்வி என் வண்டி வரைக்கும் வந்தாள். "சார், இனிமே வராதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். முன்பொரு நாள் அவள் மாமா, பாண்டியம்மாளின் தம்பி, வந்திருந்தாராம். கையில் தெம்பு வந்ததும் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போய்விடுவதாக அப்பா அவரிடம் சொன்னாராம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. டியூப்பை மட்டும் எடுத்து ஒளித்திருக்கிறாள்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். செல்வி சொன்னதையும் செய்ததையும் சொல்லி, நிஜமா என்று முருகேசனைக் கேட்டேன். சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "சொன்னேன் சார். அதுக்கப்புறம் ஏன்னு யாரும் கேக்கல."

காலைப் பள்ளி நேரம்

பாண்டியம்மாளின் தம்பி கிணற்றுக்கு இரும்பு வலை போட்டார். புதுக்கோட்டையில் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை கொடுத்தார், தொடர்ந்து வந்து பேசச் சொன்னார். பயிற்சியை மறுபடி தொடங்க ஒரு காலையில் போனேன். புது டியூப்பை நீட்டினேன். முருகேசன் வாங்கவில்லை. "செல்வி எடுத்துக் குடுத்தா இழுக்குறேன் சார். இல்லாட்டி வேணாம்."

செல்வி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பிய பாண்டியம்மாள், "குடுத்துரு ஆத்தா. என்னால தூக்க முடியல" என்றார். செல்வி அப்பாவிடம், "போவியாப்பா?" என்று கேட்டாள்.

முருகேசன் சொன்னார்: "இன்னைக்குப் போகமாட்டேன் ஆத்தா."

செல்வி பையைத் திறந்து, தினமும் பள்ளிக்குச் சுமந்துபோன இரண்டு டியூப்களையும் எடுத்து ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டினாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.