செல்லபாய் போட்ட ஒப்பு

கால் முடியாதவர்களுக்கு வேலை வாங்கித் தருகிற ஆபீஸை மாடியில் கொண்டுபோய் வைத்த மகராசன் யாரோ! செல்லபாய் கைத்தடியை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மொத்தம் இருபத்திரண்டு படி.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் வலது காலைத் தின்றுவிட்டுப் போனது. ஆனால் நாக்கு நல்ல நாக்கு. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் பேசுவாள். தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு மூன்று இடம் என்று எழுபத்தேழில் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டதைப் பேப்பரில் படித்து, டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அவளே வந்து பதிந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. யார் கையையும் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு அண்ணன் ஞானையன் அவளை இந்தப் பக்கமே விடவில்லை.

"நீ எதுக்குக் காலை இழுத்துக்கிட்டுப் போறே? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், கேட்டியா" என்பான். சாலைக் கடைவீதியில் அவனுக்குத் தையல் கடை. ஆபீஸில் கொடுத்த விலாசமும் அந்தக் கடைதான். அங்கே தைக்கிற சட்டைக்கெல்லாம் வீட்டிலிருந்தபடி காஜா எடுத்துப் பட்டன் வைப்பது செல்லபாய்.

நாலு வருஷமாக ஒரு கடுதாசி இல்லை. எண்பத்தொன்றில், இது ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோ தினமும் அலறியது. பொறுத்தது போதும் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

கிளார்க் வேலாயுதன் ஃபைலைப் புரட்டினார். "எழுபத்தொன்பதுல உங்களுக்கு இன்டர்வியூ கார்டு அனுப்பியிருக்கே, சேச்சி. வேண்டாம்னு எழுதித் தந்தது நீங்கதானே?"

"நானா? ஐயோ ஆண்டவரே, நான் ஏன் வேண்டாங்கப் போறேன்?"

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். முழுக்க அந்த ஊர் சர்க்கார் பாஷையான மலையாளம். மலையாளம் பேசுவாளே தவிர, ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அடியில் தமிழில் அவளுடைய கையெழுத்து. வேலாயுதனே வாசித்துச் சொன்னார்: "உடம்பு முடியல, வேலையில விருப்பமில்லன்னு இருக்கு."

அந்தப் பகல் அவளுக்கு ஞாபகம் வந்தது. மீன் அரிந்துகொண்டிருந்தாள். "ஆபீஸ்ல பதிஞ்ச கார்டு புதுக்கணும், இதுல ஒரு ஒப்பு போடு" என்று அண்ணன் நீட்டினான். கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். கூடப்பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை வாசித்துக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

"அந்தப் போஸ்டுல வேற ஆளு கேறியாச்சு" என்றார் வேலாயுதன். "இனி புதுசாப் பதிஞ்சு, வரிசையில கடைசியா நிக்கணும். இல்லேன்னா, ஏமாத்தித்தான் ஒப்பு வாங்கினேன்னு உங்க அண்ணன் எழுதித் தரட்டும். பழைய சீனியாரிட்டிக்கு மேலே எழுதிப் பாக்கலாம்."

நேரே கடைக்குப் போனாள். ஞானையன் துணி வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் அண்ணா எனக்கு இப்படிச் செய்தே?"

அவன் கத்தரியை நிறுத்தவில்லை. "நீ போயிட்டா காஜா யாரு எடுப்பா? உனக்குச் சோத்துக்கு என்ன குறை வச்சேன்?"

"படுபாவி! நடந்ததை எழுதியாவது தா."

"நான் என்னத்த எழுத? ஒப்பு உன்னோடதுதானே?"

செல்லபாய் கடையை விட்டு இறங்கினாள். எனக்காக அலைகிறானே என்று, ஒப்பு போட்ட அன்றைக்கு மத்தியானம் மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைத்திருந்தாள். அதை நினைத்துத்தான் நட்ட நடுத்தெருவில் நின்று அழுதாள்.