பொட்டு வைத்த இடம்

மின்சார நிலையத்தில் ஒரு ஸ்பானர் கைதவறிக் கீழே விழுந்தாலே எங்கள் வெள்ளைக்காரத் துரை முறைப்பார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் காலையில் எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு சம்மட்டி கொடுத்து, எஞ்சினை உடைக்கச் சொன்னார். நாற்பத்திரண்டாம் ஆண்டு, ஜனவரி. ஜப்பான்காரன் கோலாலம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தான். அவன் கைக்குக் கரியோ எண்ணெயோ மின்சாரமோ கிடைக்கக் கூடாது, இது லண்டன் அரசாங்கத்தின் உத்தரவாம்.

"நம்ம எஞ்சினையா தொரை?" என்று கேட்டார் என் அத்தான். அக்காவின் கணவர். அந்த நிலையத்தில் மூத்த பிட்டர் அவர். நான் அவருக்குக் கீழே எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் அக்கா, அத்தான், நான் மூவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம்.

"ஒங்க எஞ்சின் இல்லே. சர்க்கார் எஞ்சின். ஒடை" என்றார் துரை. இருபது வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழ் இதற்குத்தான் உதவியது.

அந்த எஞ்சினின் முகப்பில், தண்டு சுழலும் இடத்துக்கு மேலே, கனத்த இரும்பு மூடி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தான் அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். ஆயுத பூஜையன்று மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்போம். துரையும் வந்து சுண்டலை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவார்.

உடைத்தோம். குழாய்கள் வளைந்தன, வால்வுகள் தெறித்தன, கண்ணாடி எல்லாம் நொறுங்கியது. அத்தான் அழுதுகொண்டே அடித்தார். துரை கடிகாரத்தைப் பார்த்து "போதும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். நீங்கள் எல்லாம் என்ன ஆவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகுதான் பார்த்தேன். பொட்டு வைத்த மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் பேசிவைத்துச் செய்ததல்ல. கும்பிட்ட இடத்தில் எவனுக்குக் கை ஓங்கும்?

இரண்டு வாரம் கழித்து ஜப்பான் அதிகாரி பழைய ஆட்களை எல்லாம் வரச்சொல்லி ஆளனுப்பினான். போகாமல் இருக்க முடியுமா? பட்டணத்தில் கம்பத்தில் செருகி வைத்திருந்த தலைகளை நாங்கள் பார்த்திருந்தோம். எஞ்சினைச் சுற்றி வந்த அதிகாரி அந்த மூடியின் முன்னால் நின்றான். சந்தனத்தையும் குங்குமத்தையும் உற்றுப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி எங்கள் நெற்றிகளைப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை. எட்டு நெற்றியிலும் அதே சந்தனம், நடுவில் அதே குங்குமம்.

"சியாப்பா காசி பெச்சா?" என்றான் மலாயில். யார் உடைத்தது என்று கேட்கிறான்.

அத்தான் முன்னால் போய் நின்றார். வீட்டில் அக்காவுக்கு ஏழு மாதம். நானும் கூடவே போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை எனக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்த மலாயில், தான்தான் உடைத்ததாகவும் தானே சரிசெய்து தருவதாகவும் அத்தான் சொன்னார். அதிகாரி கன்னத்தில் விட்ட அறையில் சுருண்டு விழுந்தார். பத்து நாள் கெடு. விளக்கு எரியாவிட்டால் தலை இருக்காது.

கைவிட்டுக் கிடந்த ஈயச் சுரங்கத்திலிருந்து குழாய்களைக் கழற்றி வந்து, இரவு பகல் பாராமல் பூட்டினோம். மூடிக்கு அடியில் தண்டு முழுசாக இருந்ததால்தான் பிழைத்தோம். பத்தாம் நாள் விளக்கு எரிந்தது. அத்தான் கையைக்கூடக் கழுவாமல் முதலில் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார். கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரப்பர் மரக்கட்டையைப் போட்டு எரித்து, மூன்றரை வருஷம் அதை ஓட்டினோம்.

நாற்பத்தைந்தில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வந்ததும் அதே துரைதான். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு நோட்டு. உயிரோடு இருக்கிறீர்களே என்று ஒரு வார்த்தை சொல்வார் என நினைத்து நாங்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றோம். அவர் எஞ்சினைப் பார்த்தார். மூடியில் இருந்த புதுப் பொட்டைப் பார்த்தார்.

"ஜப்பான்காரனுக்கு இதை யாரு ரிப்பேர் செஞ்சது?" என்றார்.

எதிரிக்கு மின்சாரம் கொடுத்தவர்களின் பட்டியலை மேலிடத்தில் கேட்கிறார்களாம். உடைக்கச் சொன்ன வாய் கேட்கிற கேள்வியா இது? அத்தான் இந்த முறையும் முன்னால் போனார். இந்த முறை என் காலும் நகர்ந்தது; அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

துரையின் தலைக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அத்தான் அதைக் காட்டி அமைதியாகக் கேட்டார். "லைட்ட நிறுத்திடட்டுங்களா தொரை?"

துரை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வெளிச்சத்திலேயே எங்கள் இரண்டு பேர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.